இரும்புத் திறப்பும் மூளையின் பூட்டும்

வலிப்பு வந்து ஒருவர் வீதியில் விழுந்துவிட்டால் எம்மவரிடையே முதலில் எழுகின்ற குரல், “இரும்பு கொண்டு வாருங்கள்” என்பதாகும். பக்கத்துக் கடைக்காரர் தமது திறப்புக் கோர்வையை எடுத்து நீட்டுவார். வேறொருவர் கத்தியைத் தேடுவார். விழுந்தவரின் விரல்களை வலிந்து பிரித்து இரும்பை உள்ளே வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நிற்பர். இரண்டொரு நிமிடத்தில் வலிப்பு ஓய்ந்துவிடும். இரும்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்ற நிறைவோடு கூட்டம் கலையும். இரும்பு வைக்காது விட்டிருப்பினும் அதே இரண்டொரு நிமிடத்தில் அது ஓய்ந்தே இருக்கும் என்பதை எடுத்துச் சொல்வார் அங்கு எவருமிலர். ஏனெனில், பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே அடங்கும் இயல்பின.

அவ்வாறாயின், அவற்றை அடக்குவது எது? கையில் வைத்த திறப்பு அன்று எனின், மூளைக்குள்ளேயே ஏதேனும் ஒரு திறப்பும் பூட்டும் இருத்தல் வேண்டுமன்றோ? இக்கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகள் கண்ட செய்திகள் சிலவற்றை, மாணவரும் பெற்றோரும் ஒருங்கே அறிந்துகொள்ளும் வண்ணம் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வலிப்பு நோயைத் தெய்வத்தின் சினம் என்றும் பேயின் சேட்டை என்றும் மனிதர் நெடுங்காலம் நம்பி வந்தனர். ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் வழிவந்த வைத்தியர்கள், இது மூளையில் எழும் நோயேயன்றித் தெய்வக் குற்றமன்று என எழுதி வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் வைத்தியர், மூளையின் நரம்புக் கலங்கள் திடீரென்றும் மிகையாகவும் ஒருங்கே வெடித்தெழுவதே வலிப்பு என விளக்கினார். இன்று உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், தக்க சிகிச்சை கிடைப்பின் அவருள் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இரு தவளை இதயங்கள்

நரம்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பது நூறு ஆண்டுகளுக்கு முன் பெரியதொரு புதிராக இருந்தது. மின்சாரம் நேரே தாவிச் செல்கின்றது என்றனர் சிலர். இல்லை, இடையே ஏதோ ஒரு இரசாயனப் பொருள் தூது செல்கின்றது என்றனர் வேறு சிலர். ஒஸ்திரியாவில் கிராஸ் நகரிலே பேராசிரியராக இருந்த ஒட்டோ லோவி என்பார் இப்புதிரை அவிழ்த்த வரலாறு சுவை மிக்கது. ஓரிரவு அவருக்குக் கனவில் ஒரு பரிசோதனை தோன்றிற்று. விழித்தெழுந்து கடதாசித் துண்டொன்றிலே குறித்துவிட்டு உறங்கிப் போனார். விடிந்து பார்த்தபொழுது தமது கையெழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இம்முறை அவர் குறிப்பெழுதக் காத்திராமல், உடனே எழுந்து ஆய்வுகூடத்துக்கே சென்றுவிட்டார்.

தவளை இதயங்கள் இரண்டினை அவர் எடுத்தார். முதலாவதின் நரம்பைத் தூண்டியபொழுது அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்தைத் தோய்த்திருந்த நீர்மத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் இட்டபொழுது, நரம்பேதும் தூண்டப்படாத அந்த இதயமும் தளர்ந்தது. ஆகவே நரம்பின் செய்தியைச் சுமந்து செல்வது ஒரு பொருளே என்பது தெளிவாயிற்று. 1921ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சியின் பொருள் அசற்றைல்கோலின் எனப் பின்னர் நிறுவப்பட்டது. இதன் செயல்களை 1914ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்திருந்த இங்கிலாந்தின் ஹென்றி டேலும் லோவியும் 1936ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தூதுப் பொருள் சென்றால் மட்டும் போதாது. அதனை ஏற்பதற்கு எதிர்க்கலத்தில் ஓர் அமைப்பு வேண்டும். அதனை வாங்கி என்பர். பூட்டுக்குத் திறப்புப் பொருந்துவது போல், வாங்கிக்குத் தூதுப் பொருள் பொருந்துகின்றது. அசற்றைல்கோலினுக்கு இருவகைப் பூட்டுகள் உள என்பதை டேல் அவர்களே கண்டிருந்தார். புகையிலையின் நிக்கொட்டீனாலும் திறக்கப்படுவது ஒன்று. ஒருவகை நச்சுக் காளானின் மஸ்கரீனாலும் திறக்கப்படுவது மற்றையது. முன்னையது கணத்தில் வாயில் திறக்கும். பின்னையது கலத்தினுள் பல வேலைகளை மெல்லத் தொடக்கி வைக்கும்.

மூளையில் இவற்றின் பணி விழிப்பு, கவனம், நினைவு என்பவற்றோடு பிணைந்தது. எமது பிள்ளைகள் பாடத்தைக் கவனித்து மனத்தில் இருத்துவதற்கு அசற்றைல்கோலின் இன்றியமையாதது. நரம்புக் கலங்களிலே பொற்றாசியம் வெளியேறும் வாயில்கள் சில உள. கலம் அளவுக்கு மீறி எழுச்சியுறாவண்ணம் அவை தடுப்பனவாகும். மஸ்கரீன் வகை வாங்கி தூண்டப்படும்பொழுது இவ்வாயில்கள் மூடப்பட, கலம் எளிதில் எழுச்சி பெறுகின்றது. இதனை 1980ஆம் ஆண்டில் பிரவுண், அடம்ஸ் என்னும் இருவர் கண்டறிந்தனர். கற்பதற்கு இந்த எழுச்சி நன்று. அளவு மிஞ்சினாலோ வலிப்புக்கு அதுவே வாசலாகும்.

நிக்கொட்டீன் வகையும் இந்நோய்க்குப் புறம்பானதன்று. உறக்கத்திலே வலிப்பு எழும் குடும்பநோய் ஒன்றின் காரணம், நிக்கொட்டீன் வகை வாங்கியின் பரம்பரை அலகு ஒன்றில் ஏற்பட்ட சிறு மாற்றமே என்பது 1995ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியக் குடும்பமொன்றை ஆராய்ந்தபொழுது வெளிப்பட்டது.

அளவு மிஞ்சினால்

தென்னமெரிக்காவிலே வளரும் செடியொன்றிலிருந்து பைலோகார்ப்பீன் என்னும் மருந்து பெறப்படுகின்றது. கண்ணின் அமுக்கத்தைக் குறைப்பதற்குத் துளித்துளியாக இடுவார்கள். இதுவும் மஸ்கரீன் வகைப் பூட்டைத் திறக்கும் கள்ளத் திறப்பே. இதனைப் பெருமளவில் எலிகளுக்கு ஏற்றினால் ஓயாத வலிப்பு எழுவதை 1983ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் விவரித்தனர். அவ்வலிப்பு அடங்கியபின் எலி சில காலம் நலமாக இருப்பதுபோல் தோன்றும். பின்னர் எவரும் எதுவும் செய்யாமலே அதற்கு வலிப்புகள் மீண்டும் மீண்டும் வரத் தொடங்கும். மனிதருக்கு மூளையின் பக்க மடலில் எழும் வலிப்பு நோயை இது பெரிதும் ஒத்திருப்பதனால், இன்றும் பல ஆய்வுகூடங்கள் இவ்வழியையே கையாளுகின்றன. மஸ்கரீன் வாங்கிகளின் ஐந்து உட்பிரிவுகளுள் முதலாவது இல்லாத எலிகளுக்குப் பைலோகார்ப்பீன் கொடுத்தும் வலிப்பு எழவில்லை என்பது 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எந்தப் பூட்டு திறந்தது என்பது அத்துடன் ஐயமற விளங்கிற்று.

இஃது எங்கோ ஓர் ஆய்வுகூடத்து எலியின் கதை மட்டுமன்று. எமது நாட்டு விவசாயக் கிராமங்கள் இதனை வேறொரு வடிவில் அறியும். பயிர்களுக்குத் தெளிக்கும் ஓகனோபொஸ்பேற்று வகை நஞ்சுகள், அசற்றைல்கோலினை அழிக்கும் நொதியத்தை முடக்கிவிடுகின்றன. வேலை முடிந்தும் தூதுவன் போகாமல் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போன்ற நிலை அது. உமிழ்நீர் பெருகும், வியர்வை கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சுத் திணறும், சிலருக்கு வலிப்பும் எழும். வைத்தியசாலையில் உடனே அத்துரோப்பீன் ஏற்றுவது மஸ்கரீன் வகைப் பூட்டுகளை அடைத்துவைப்பதற்கேயாம். இவ்வகையிற் கொடியனவாய் எஞ்சியிருந்த சில நஞ்சுகளை இலங்கை அரசு 1995ஆம் ஆண்டில் தடைசெய்ததன் பின் எத்தனையோ உயிர்கள் தப்பின.

கஞ்சாவுக்கு மூளையில் ஏன் பூட்டு?

இனி மற்றைப் பூட்டினைப் பார்ப்போம். கஞ்சாவை எமது நாட்டு வைத்தியம் பண்டு தொட்டே அறியும். மேல்நாட்டு வைத்தியம் அதனை நன்கு அறிந்தது கல்கத்தா வழியாகவே. அங்கு வைத்தியக் கல்லூரியில் பணியாற்றிய ஐரிஷ்காரரான ஓஷோனசி என்பார், பிறந்து நாற்பது நாட்களேயான குழந்தையொன்றின் வலிப்புக்குக் கஞ்சா மருந்தைத் துளிகளாகக் கொடுத்துப் பயன் கண்டதை 1839ஆம் ஆண்டில் எழுதினார். இந்தியாவிலே தந்திக் கம்பிகளை நாட்டியவரும் அவரே. கம்பிவழிச் செய்தியும் நரம்புவழிச் செய்தியும் ஒருவரது வாழ்விலே சந்தித்தமை வியப்புக்குரியது.

கஞ்சாவின் மயக்குப் பொருளை 1964ஆம் ஆண்டில் இஸ்ரேலின் மெக்கூலம், காவோனி ஆகியோர் பிரித்தெடுத்தனர். மூளையிலே அதற்கென ஒரு வாங்கி உண்டு என்பதை 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹவ்லெட் அம்மையாரும் அவரது மாணவர் டெவேனும் காட்டினர். இங்கே ஒரு கேள்வி எழுதல் இயல்பு. வயலில் வளரும் ஒரு செடிக்காக மனித மூளை பூட்டுச் செய்து வைத்திருக்குமா? இராது. மூளை தனக்கென ஆக்கும் பொருளுக்காகவே அப்பூட்டு இருத்தல் வேண்டும். 1992ஆம் ஆண்டில் அப்பொருள் அகப்பட்டது. கண்டவர்கள் அதற்கு ‘ஆனந்தம்’ என்னும் எமது பழகிய சொல்லையே அடியாகக் கொண்டு ஆனந்தமைட் எனப் பெயரிட்டனர். 1995ஆம் ஆண்டில் இரண்டு-ஏ-ஜி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு பொருளும் இவ்வினத்தது என அறியப்பட்டது.

இப்பொருள்களின் போக்கு விந்தையானது. ஏனைய தூதுவர் அனுப்புங் கலத்திலிருந்து ஏற்குங் கலத்துக்குச் செல்வர். இவையோ எதிர்த்திசையிலே செல்கின்றன. செய்தி அளவுக்கு மிஞ்சி வரும்பொழுது, ஏற்குங் கலம் இவற்றை அவ்விடத்திலேயே ஆக்கிப் பின்னோக்கி அனுப்புகின்றது. அனுப்புங் கலத்தின் நுனியிலுள்ள கஞ்சா வாங்கியைத் தொட்டு, “போதும், நிறுத்து” எனச் சொல்கின்றது. 2001ஆம் ஆண்டில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உழைத்த மூன்று குழுவினர் இதனை மெய்ப்பித்தனர்.

இரண்டும் சந்திக்கும் இடம்

மேலே கூறிய இரண்டு கதைகளும் ஓரிடத்தில் ஒன்றாகின்றன. அசற்றைல்கோலின் மஸ்கரீன் வகைப் பூட்டைத் திறக்கும்பொழுது கலத்தின் உள்ளே தொடங்கும் வேலைகளுள் ஒன்று, இரண்டு-ஏ-ஜியை ஆக்குவதற்கு வேண்டிய மூலப்பொருளை உண்டாக்குவதாகும். அமெரிக்காவின் அல்ஜர் குழுவினர் 2002ஆம் ஆண்டில், மூளையின் நினைவுப் பகுதியாகிய கடற்குதிரை மடிப்பிலே இதனைக் கண்டனர். அதாவது, குதிரையை முடுக்கும் கையே கடிவாளத்தையும் எடுத்துக் கொடுக்கின்றது. அதுமட்டுமன்று. அசற்றைல்கோலினை வெளியிடும் நரம்பு நுனிகளிலும் கஞ்சா வாங்கியின் கட்டுப்பாடு உண்டு. அவ்வாங்கியைத் தூண்டினால் கடற்குதிரை மடிப்பில் அசற்றைல்கோலின் வெளியேற்றம் குறையும் என 1996ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தது. ஒன்றையொன்று எழுப்பியும் அடக்கியும் நிறை காக்கும் இணை இது.

இக்கடிவாளம் வலிப்பிலே உண்மையாகவே பயன்படுகின்றதா? அமெரிக்காவின் றிச்மண்ட் நகரில் டெலொறென்சோ குழுவினர், பைலோகார்ப்பீனால் வலிப்பு நோய் கொண்ட எலிகளில் கஞ்சா வாங்கியை அடைத்துப் பார்த்தனர். வலிப்புகள் மேலும் அடிக்கடி வந்தன. வந்தவை மேலும் நீண்டு நின்றன. இம்முடிவு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இதுவே. வலிப்பைத் தாமாக அடங்கச் செய்யும் காவல்களுள் ஒன்று, மூளை அவ்வேளையில் தானே ஆக்கிக்கொள்ளும் இப்பொருளாகும். 2008ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள், வலிப்பு நோயாளரிடமிருந்து சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட மூளைத் துண்டுகளை ஆராய்ந்தனர். எழுச்சியூட்டும் நரம்பு நுனிகளிலே கஞ்சா வாங்கிகள் குறைந்திருக்கக் கண்டனர். காவல் வேண்டிய இடத்திலேயே காவல் தளர்ந்திருந்தது.

ஆயினும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. கஞ்சா வாங்கி எழுச்சியூட்டும் நுனிகளில் மட்டுமன்றி, அமைதிப்படுத்தும் நுனிகளிலும் நிரம்ப இருக்கின்றது. முன்னதை அடக்கினால் வலிப்புத் தணியும். பின்னதை அடக்கினால் அமைதி காப்போனின் வாயையே கட்டியதாகிவிடும். மூளை தானே இப்பொருளை ஆக்கும்பொழுது வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்தில் ஆக்குகின்றது. புகைத்த கஞ்சாவோ இடமும் காலமும் பாராமல் எல்லாப் பூட்டுகளையும் ஒருங்கே திறக்கின்றது. இதே பூட்டுக்கெனச் செயற்கையாக ஆக்கி விற்கப்படும் கடும் போதைப் பொருள்களை உட்கொண்டோர் சிலருக்கு வலிப்பே எழுந்ததை வைத்தியர்கள் கண்டுள்ளனர்.

எம் அயலில் நடந்தது

இவற்றையெல்லாம் நாம் ஆழ்ந்து கற்க நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எம்மிடம் விஞ்ஞானம் கற்க வந்த மாணவி ஒருத்திக்குப் பன்னிரண்டாவது வயதிலிருந்து வலிப்பு நோய். மாத்திரைகளால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்த நோய், உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதங்கள் இருக்கையில் மீண்டும் தலைகாட்டியது. வகுப்பிலேயே ஒருமுறை விழுந்தாள். மறுநாள் அவளுடைய வாங்கில் உடனிருக்க இரு பிள்ளைகள் மறுத்தனர் என்று அறிந்து நாம் வருந்தினோம். படிப்பை நிறுத்திவிடலாம் என்று தாயார் சொல்லத் தொடங்கினார்.

ஒருநாள் மாலை தகப்பனார் சிறு போத்தலொன்றுடன் எமது வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த கஞ்சா எண்ணெய் அது. “மாஸ்டர், இதைக் குடுத்தால் குளிசையே வேண்டாமாம். நாளையிலிருந்து குளிசையை விடலாம் என்று இருக்கிறம். நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று கேட்டார். போத்தலின் மேல் ஓர் இலையின் படம் இருந்தது. உள்ளே எப்பொருள் எத்துணை உண்டு என்பதற்கு ஓரெழுத்தும் இல்லை.

மேலே எழுதியவற்றை அன்று நாம் திண்ணையிலிருந்து அவருக்கு விளக்கினோம். கஞ்சாவிலே மயக்குப் பொருள் வேறு, கனபிடயோல் என்னும் பொருள் வேறு. பின்னதனைத் தூய்மையாக்கி அளவிட்டு ஆக்கிய மருந்தையே, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கொடிய வலிப்பு நோய்கள் இரண்டுக்கென அமெரிக்க அரசு 2018ஆம் ஆண்டில் அங்கீகரித்தது. அது மூளையின் கஞ்சா வாங்கியைத் தூண்டி வேலை செய்வதன்று. அதன் வழிகள் வேறு. 2017ஆம் ஆண்டில் வெளியான சோதனையொன்றில், திறாவே நோய் கொண்ட 120 பிள்ளைகள் பங்குகொண்டனர். மருந்து பெற்றோரின் நடுத்தர வலிப்பு எண்ணிக்கை மாதத்துக்கு 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றோருக்கு 14.9இலிருந்து 14.1 ஆனது. பயன் மெய்யே. ஆனால் அப்பிள்ளைகள் தமது பழைய மாத்திரைகளை விட்டுவிட்டு இதனை அருந்தவில்லை. அவற்றோடு சேர்த்தே அருந்தினர். உறக்க மயக்கம், வயிற்றோட்டம், ஈரற் பாதிப்பின் அறிகுறிகள் என்பனவும் சிலருக்குத் தோன்றின. அங்கீகாரம் பெற்றதும் எல்லா வலிப்புகளுக்குமன்று.

“அப்ப குளிசையை நிப்பாட்டினால்?” என்றார் அவர். திடீரென நிறுத்துவது ஓயாத வலிப்பைக் கொண்டுவரலாம். அது உயிரையே பறிக்கும் என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறுநாள் காலை போத்தலையும் மகளையும் அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் சென்றார். நாமும் உடன் சென்றோம்.

வைத்தியர் போத்தலை ஒருபுறம் வைத்துவிட்டு மாணவியிடம் அமைதியாகக் கேள்விகள் கேட்டார். அப்பொழுதுதான் உண்மை வெளிவந்தது. இரவு மாத்திரை உறக்கத்தைத் தருகின்றது என்று அஞ்சி, பரீட்சைக்குப் படிப்பதற்காக அவள் வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் அதனைத் தவிர்த்து வந்திருக்கிறாள். விடியும் வரை கண் விழித்தும் இருந்திருக்கிறாள். மருந்து தவறுவதும் உறக்கம் கெடுவதும் வலிப்பை அழைக்கும் இரு பெரும் காரணங்கள் என்று வைத்தியர் விளக்கினார். மாத்திரை அருந்தும் நேரத்தையும் அளவையும் மாற்றியமைத்தார். “எட்டு மணிக்குப் பிறகு படிக்காதே; விடிய எழும்பிப் படி” என்றார். அவள் அவ்வாண்டே பரீட்சை எழுதினாள். இடையில் ஒரேயொரு முறை மட்டும் வலிப்பு வந்தது. இன்று அவள் பல்கலைக்கழக மாணவி. மாத்திரை இன்னும் தொடர்கின்றது.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணித்தல் வேண்டா. வாயினுள் கரண்டியோ துணியோ விரலோ இடுதல் தீங்கு. கைகால்களை அமுக்கிப் பிடித்தலும் கூடாது. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுக. தலையின் கீழ் மெத்தென்ற ஏதேனும் வைக்க. கழுத்தினை இறுக்கும் உடையைத் தளர்த்துக. ஒருபுறமாகச் சரித்துப் படுக்கச் செய்க. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்க. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, தெளிவு வருமுன் மீண்டும் வந்தாலோ, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. விழித்தெழுபவர் வெட்கமும் குழப்பமும் அடைந்திருப்பார்; கூட்டத்தை விலக்கி ஒருவர் மாத்திரம் அருகிருந்து ஆறுதல் கூறுதல் போதும்.

மாணவர்க்கு ஒரு சொல். உமது வகுப்பில் இந்நோயுள்ள ஒருவர் இருப்பின் அவர் அருகில் அமரத் தயங்காதீர். இது தொற்றுநோயன்று, அறிவுக் குறையுமன்று. நீர் இதனை வாசிக்கும் இந்நேரத்தில் உமது மூளையிலும் அதே அசற்றைல்கோலின் உம்மை விழிப்பாக வைத்திருக்கின்றது. அதே கடிவாளம் அதனை அளவோடு நிறுத்துகின்றது. அவருக்கு அந்தக் கடிவாளம் சில வேளைகளில் நழுவுகின்றது. வேற்றுமை அவ்வளவே.